ஃபியூஸ் கட்டை போய் எம்சிபி வரும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு 1979-ல் கட்டியது. மரப்பலகையில் 30 ஆம்பியர் இரும்பு மெயின் சுவிட்சும் ஆறு பீங்கான் ஃபியூஸும் இருக்கின்றன. ஏசியும் கீசரும் வைக்கப் போகிறோம். "எட்டு வழி டிபி பாக்ஸ் வாங்கிக் கொடுங்கள், அரை நாளில் முடித்துவிடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். இது போதுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: டிபி என்பது எம்சிபிகள் வரிசையாக உட்காரும் பெட்டி. அதை மாற்ற அரை நாள் போதும்தான். ஆனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து, அதாவது அணைந்து, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காக்க வேண்டியது சுவருக்குள் ஓடும் வயரை. அந்த வயர் எது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

உங்கள் வீடு கட்டிய காலத்தில் அலுமினிய வயர் பரவலாகப் புழங்கியது. மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, ஒரு சுவிட்ச் போர்டைத் திறந்து வயர் முனையைக் கத்தியால் சுரண்டச் சொல்லுங்கள். பழைய ரப்பர் வயரில் செம்புக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள், அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். சுரண்டியபின் உள்ளே சிவப்பு தெரிந்தால் செம்பு. வெள்ளையாகவே இருந்து, வளைக்கும்போது மெத்தென்று இருந்தால் அலுமினியம். ரப்பர் உறை வளைத்தவுடன் பொடியாக உதிர்ந்தால் அந்த வயருக்கு எந்த எம்சிபியும் காவல் இல்லை. அந்த சர்க்யூட்டை உருவிவிட்டுப் புது வயர்தான் இழுக்க வேண்டும்.

வயர் நன்றாக இருந்தால் அதன் அளவை வைத்துத்தான் எம்சிபி. செம்பில் 1 சதுர மி.மீ. வயருக்கு 6 ஆம்பியர், 1.5-க்கு 10, 2.5-க்கு 16, 4-க்கு 20, 6-க்கு 32 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. பழைய வயர்மேன்கள் சொல்லும் 1/18 (18-ஆம் எண் கம்பி ஒன்று) சுமார் 1.2 சதுர மி.மீ., 3/20 சுமார் 2, 7/20 சுமார் 4.6 வரும். அலுமினியம் என்றால் ஒரு படி கீழே இறக்குங்கள்: 2.5-க்கு 10 ஆம்பியர் போதும்.

பலர் சறுக்குவது இங்கேதான். ஃபியூஸ் கட்டையில் போடும் கம்பி, அதன் மதிப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் வரை உருகாமல் நிற்கும். எம்சிபியோ 1.45 மடங்கைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதனால் ஃபியூஸ் இருந்தவரை சும்மா ஓடிய வீட்டில், எம்சிபி மாட்டியதும் அடிக்கடி விழும். உடனே "16 தாங்கவில்லை, 32 போட்டுவிடலாம்" என்பார்கள். 2.5 சதுர மி.மீ. வயரில் 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், எம்சிபி விழுவதற்கு முன் வயரின் உறை வெந்துபோகும். எம்சிபி விழுகிறது என்றால் சுமையைப் பிரித்து இன்னொரு வயர் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏசிக்கும் கீசருக்கும் டிபியிலிருந்தே தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுங்கள். 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. பழைய பிளக் பாயிண்டிலிருந்து கிளை எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எட்டு வழி பெட்டி உங்களுக்குப் போதாது, எண்ணிப் பாருங்கள். மெயினுக்கு 32 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்சிபி இரண்டு இடம் பிடிக்கும். 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்; 30 என்பது அந்தக் கசிவின் அளவு) இரண்டு வைத்தால் நான்கு இடம். லைட்டுக்கு 6 ஆம்பியர் இரண்டு, பிளக்குக்கு 16 இரண்டு, கீசர், ஏசி, மோட்டார், ஃபிரிஜ் என்று எட்டு. மொத்தம் பதினான்கு. 16 வழி வாங்குங்கள், இரண்டு இடம் காலியாக இருக்கட்டும். ஆர்சிசிபி ஏன் இரண்டு என்றால், குளியலறையில் கசிவு வந்து ஒன்று விழுந்தாலும் இரவில் வீடு முழுக்க இருண்டுவிடக் கூடாது. ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். மெயினில் வெறும் ஐசொலேட்டர் (கையால் அணைக்க மட்டும் உதவும் சுவிட்ச்) வைக்காமல் எம்சிபி வைக்கச் சொல்வது அதனால்தான். மோட்டாருக்கும் ஏசிக்கும் 'சி' வகை எம்சிபி எடுங்கள். 'பி' வகை 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழுந்துவிடும், மோட்டார் கிளம்பும்போது அந்த அளவு சாதாரணமாக வரும்.

இன்னொன்று. ஆறு ஃபியூஸில் சில நியூட்ரலிலும் இருக்கலாம். அந்தக் காலத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் ஃபியூஸ் போடும் வழக்கம் இருந்தது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைப்பவர் உயிருக்கே ஆபத்து. புதுப் பெட்டியில் எல்லா நியூட்ரலும் நேராக அந்தந்த ஆர்சிசிபியின் நியூட்ரல் பாருக்கு (நியூட்ரல் வயர்கள் சேரும் பித்தளைப் பட்டை) போக வேண்டும், நடுவில் தனி ஃபியூஸ் கூடாது.

கேள்வி: டிபி மாற்றி ஆர்சிசிபி வைத்தோம். மேலே தூக்கியதும் விழுகிறது. எல்லா எம்சிபியையும் அணைத்தாலும் நிற்கவில்லை. ஆர்சிசிபி பழுதா?
(வாசகி, மதுரை)

பதில்: அநேகமாக ஆர்சிசிபி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் அதே நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. வித்தியாசம் 15 முதல் 30 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் விழும். பழைய வீடுகளில் ஹால் லைட்டுக்கு நியூட்ரலைப் பக்கத்து அறை போர்டிலிருந்து இரவல் வாங்கியிருப்பார்கள். ஃபியூஸ் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. இரண்டு ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் ஒன்றில் போன கரண்ட் மற்றதன் நியூட்ரலில் திரும்பினால், சுவிட்ச் போட்டதும் விழும்.

உங்களுக்கு எம்சிபி அணைத்தும் விழுகிறது. சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். ஆகவே எங்கோ ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம். முதலில் எல்லா பிளக்கையும் உருவுங்கள். பிறகு எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, நியூட்ரல் பாரிலிருந்து எல்லா நியூட்ரலையும் கழற்றி எண் எழுதி, ஒவ்வொன்றாக மாட்டி மெயினைப் போட்டுப் பார்க்க வேண்டும். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்த சர்க்யூட்டைத் தனியாக்கி 500 வோல்ட் மெகரில் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) எர்த்துக்கு எதிராகப் பார்த்தால் 1 மெகா ஓம்முக்கு மேல் காட்ட வேண்டும். ஈரச் சுவர், மொட்டை மாடி லைட் பாயிண்ட், பழைய கீசரின் ஹீட்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

"300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டால் விழாது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தீ விபத்துக்கான தடுப்பு. ஷாக் அடிக்கும் ஆளைக் காக்க 30 தான்.

கேள்வி: எர்த் குழி இருக்கிறது. எம்சிபியும் வைத்தாகிவிட்டது. ஆர்சிசிபி கட்டாயம் வேண்டுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டும். கணக்கைப் பாருங்கள். பழுதான சாதனத்தின் உடம்பில் கசியும் கரண்ட் உங்கள் குழி வழியாக மண்ணுக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. அந்தப் பாதையின் தடை 20 ஓம் என்றால் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண சுமை, விழவே விழாது. ஃபிரிஜ் உடம்பில் கரண்ட் நாள் முழுக்க நிற்கும். 5 ஓம்மாக இருந்தால்கூட 46 ஆம்பியர்தான். 'சி' வகை உடனே விழ 160 வரை தேவைப்படலாம். அதுவரை பல நொடிகள், சிலபோது ஒரு நிமிடத்தை நெருங்கியும் ஓடும். ஆர்சிசிபி 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும்.

குழி உயிரோடு இருக்கிறதா என்று எர்த் டெஸ்டரால் அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயைப் பிவிசியாக மாற்றியபோது எர்த்தும் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புதுக் குழிக்கு 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜிஐ குழாய், சுற்றிலும் கரியும் உப்பும், கோடையில் தண்ணீர் ஊற்ற மேலே புனல். எர்த் கிடைக்கவில்லை என்று பிளக்கில் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்குவது மிகக் கொடிய குறுக்குவழி: நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டிலுள்ள எல்லா இரும்பு உடம்பிலும் கரண்ட் ஏறும்.

கேள்வி: மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸை நாமே எடுத்து வேலை செய்யலாமா? மூன்று பேஸ் வாங்க வேண்டுமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கூடாது. மீட்டர் வரை மின்வாரியத்துடையது, சீலைத் தொடக் கூடாது. பிரிவு அலுவலகத்தில் சொன்னால் லைன் துண்டித்துத் தருவார்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-லும் பதியலாம். ஏசி, கீசர், இன்டக்ஷன் அடுப்பு எல்லாவற்றையும் கூட்டி, அனுமதிக்கப்பட்ட சுமையைத் தாண்டினால் சுமை உயர்வுக்கு விண்ணப்பியுங்கள். ஒரு பேஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்று பேஸ் வாங்கினால் நியூட்ரல் முனையை இரண்டு முறை இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்தால் இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 415 வோல்ட் உங்கள் சாதனங்களுக்குள் தாறுமாறாகப் பங்கிடப்படும். சுமை குறைந்த பேஸில் இருக்கும் டிவியும் ஃபிரிஜும்தான் முதலில் எரியும்.

கேள்வி: இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஆர்சிசிபி வேலை செய்யாது என்கிறார்களே?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: நியூட்ரல் இணைப்பு சரியாக இருந்தால் வேலை செய்யும். இன்வெர்ட்டரிலிருந்து பேஸை மட்டும் எடுத்து நியூட்ரலை வீட்டின் பொது பாரில் விட்டிருந்தால் ஆர்சிசிபி விழலாம், குறிப்பாக வீட்டில் ஒன்றுக்கு மேல் இருந்தால். இன்வெர்ட்டர் சுமைகளுக்கென்று தனி நியூட்ரல் பார் வைத்து, அதை இன்வெர்ட்டரின் நியூட்ரல் முனைக்கே கொண்டுவர வேண்டும். கரண்ட் போனபின் அந்தச் சுமைகளைக் காக்க இன்வெர்ட்டர் அவுட்புட்டிலும் ஓர் ஆர்சிசிபி வையுங்கள். ஆனால் பேட்டரியில் ஓடும்போது பல இன்வெர்ட்டர்களின் அவுட்புட் நியூட்ரலுக்கு எர்த்தோடு தொடர்பு இருக்காது. அப்போது அந்த ஆர்சிசிபி கசிவைக் காணாது. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுவதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, அது ஆர்சிசிபிக்குள்ளேயே நடக்கும் சோதனை. இன்வெர்ட்டரின் கையேட்டில் நியூட்ரல் இணைப்பு எப்படிச் சொல்லியிருக்கிறது என்று வயர்மேனோடு உட்கார்ந்து பார்த்த பிறகே மாட்டுங்கள்.