கேள்வி பதில்: மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ

எம்.ஆர்.என்.ஏ-வுக்கு (புரதம் செய்வதற்கான மரபணுச் செய்தியின் நகல்) எதிரிணையான ஆர்.என்.ஏ இழையைச் செல்லுக்குள் விட்டால் அந்த மரபணு அடங்கிவிடுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, புரதம் செய்யும் ரைபோசோமை மறிப்பதுதானே காரணம்? – பிளஸ் டூ ஆசிரியர்

அப்படியும் நடக்கும், பாக்டீரியாவில் சாதாரணம். ஆனால் 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் உருளைப்புழுவில் தனி இழைகளைச் செலுத்தியபோது பலன் அற்பம். இரட்டை இழையாகக் கொடுத்தபோதோ, செல்லுக்குச் சில மூலக்கூறுகளே போதுமாக இருந்தன. ஒட்டி மறிப்பது மட்டும் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். உள்ளே ஒரு நொதி வேலை செய்கிறது.

டைசர் என்ற நொதி இரட்டை இழையை 21 முதல் 23 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ-வின் ஓர் எழுத்து) நீளத் துண்டுகளாக நறுக்கும். இவைதான் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. ஆர்கோநாட் புரதம் அதில் ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். 5' முனை (இழையின் தொடக்க முனை) தளர்வாக இணைந்திருக்கும் இழைக்கே பெரும்பாலும் இடம் கிடைக்கும். அந்த வழிகாட்டி இழையின் 10, 11-ஆம் இடங்களுக்கு நேரெதிரே எம்.ஆர்.என்.ஏ வெட்டுப்படும். வழிகாட்டி அழிவதில்லை; அடுத்ததைப் பிடிக்கப் போய்விடும்.

எஸ்.ஐ.ஆர்.என்.ஏ கொடுத்து 24 மணி நேரத்தில் எம்.ஆர்.என்.ஏ 80 சதவீதம் குறைந்தது. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) புரதம் அப்படியே இருக்கிறது. என்ன தவறு? – ஆராய்ச்சி மாணவி

அவசரம்தான் தவறு. ஏற்கெனவே உருவான புரதத்தை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ தொடாது. அதன் அரை ஆயுள் 48 மணி நேரம் என்றால், உற்பத்தி அடியோடு நின்றாலும் 24 மணியில் 70 சதவீதம் மிஞ்சும் (செல் பிரிவதால் நீர்த்துப்போவதைச் சேர்க்காமல்). பிளாட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கடினம். 72, 96 மணியில் பாருங்கள். நீண்ட ஆயுள் உள்ள புரதம் என்றால் இடையில் இன்னொரு முறை செலுத்துங்கள்.

அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். 10 நானோமோலார் செறிவே நல்ல தொடக்கம். கூட்டினால், வழிகாட்டியின் 2 முதல் 8 வரையான இடங்கள் மட்டும் பொருந்தும் வேறு எம்.ஆர்.என்.ஏ-க்களும் சேர்ந்து அடங்கும். ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-க்களும் ஒரே விளைவைத் தந்தால்தான் நம்பலாம். எழுத்து வரிசையைக் கலைத்த ஓர் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வையும் ஒப்பீட்டுக்காக அதே செறிவில் வையுங்கள். 30 ஜோடிக்கு மேல் நீண்ட இரட்டை இழையைப் பாலூட்டிச் செல்களில் போட்டால், வைரஸ் வந்ததாக எண்ணி இன்டர்ஃபெரான் எதிர்வினை கிளம்பும். அப்போது எல்லாப் புரதமும் குறையும்.

கொழுப்புக்கு ஆறு மாதத்துக்கொரு ஊசி என்கிறார்களே, அதுவும் இதுவா?

ஆம், இன்க்ளிசிரான் என்ற எஸ்.ஐ.ஆர்.என்.ஏ மருந்து. 284 மில்லிகிராம் தோலடியில், மூன்றாம் மாதம் மறுமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. அதில் கோத்திருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள் அதைக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே பி.சி.எஸ்.கே.9 புரதம் குறைய, எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் அதனால் சிதையாமல் தப்புகின்றன. சாதாரண ஆர்.என்.ஏ இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இதன் நியூக்ளியோடைடுகள் வேதிமாற்றம் செய்யப்பட்டவை; அதனால் எளிதில் சிதையாது.