தேயிலைக் காட்டை விற்க வேண்டாம், மகள் அளக்கப் போகட்டும்

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்தார். கோவையில் தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்காக ஒரு ஏக்கர் தேயிலையை விற்கப்போகிறார்கள். மகளின் ஆசையோ நிலம் அளக்கும் சர்வே வேலை. பக்கத்துத் தோட்டத்தை அளக்க வந்த தனியார் சர்வேயருக்கு நாள் முழுக்கப் பிரிசம் (அளக்கும் கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பிடித்தவள் அவள். "பொம்பளப் புள்ள சர்வே கல்லத் தூக்கிட்டுத் திரியுறதா?" என்கிறாராம் சித்தப்பா.

அம்மா, பயம் நியாயம்தான். ஆனாலும் நிலத்தை விற்காதீர்கள். பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்காகச் சோறு போடும் காட்டைக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சித்தப்பா கையெடுத்துக் கும்பிடும் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியே 1794இல் சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது.

பாலிடெக்னிக், பி.இ. எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் கேட்காத வழியைச் சொல்கிறேன். அரசு ஐடிஐயில் சர்வேயர் பிரிவு இரண்டு வருடம். பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு கிடையாது. வெளியூர் என்றால் விடுதிச் செலவை முதலிலேயே விசாரியுங்கள்.

அடுத்து, 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளர். சம்பளம்போல ஸ்டைபண்ட் வரும், முடிவில் தேர்வெழுதினால் தேசியச் சான்றிதழ். இதில்தான் கறாராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாவிட்டால் ஆயுசுக்கும் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்கிற ஹெல்பர்தான். பயிற்சிக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாப்பா, உனக்கு ஒன்று. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நீயே மட்டம் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொள். தினமும் நோட்டில் எழுது: எந்த இடம், எந்தக் கருவி, புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே (இதுதான் டிராவர்ஸ்) சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்தபோது எத்தனை மில்லிமீட்டர் பிசகு, யார் சரிபார்த்தார்கள். நேர்காணலில் அந்த நோட்டு பேசும். நம் மலையில் 30 டிகிரி சரிவில் 30 மீட்டர் டேப்பை இழுத்துப் பிடித்தால் கிடைமட்ட தூரம் 26 மீட்டர்கூட வராது. பட்டாவில் ஏறுவது அந்தக் கிடைமட்ட அளவு. இது புரியாமல் வரப்புச் சண்டை போடுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்!

ஐடிஐ சர்வேயர் சான்றிதழோடு டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் தேர்வு எழுதலாம். 2022இல் 1,089 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. வருடாவருடம் அப்படி வராது. அதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. மேலே படிக்க ஆசை வந்தால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். அதற்குப் பிறகு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர பி.இ. சிவில். அந்த ஃபீஸை அவளே கட்டுவாள்.

இந்த வாரமே பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஐடிஐ விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக சர்வேயரைப் போடுங்கள், அதையும் அவள் கையாலேயே நிரப்பவிடுங்கள்.