பன்னிரண்டு கட்டுரைகள்

வணக்கம்.

டல்லாஸ் அருகே இர்விங்கில் இருக்கிறோம். திருச்சியில் எட்டாவது முடித்து வந்த மகன் இப்போது பத்தாவது படிக்கிறான். டெக்சாஸ் மாநிலம் நடத்தும் ஸ்டார் பொதுத்தேர்வில் அல்ஜீப்ரா, பயாலஜி இரண்டிலும் தேறிவிட்டான். இங்கிலீஷ் ஒன் (ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்) மட்டும் ஏப்ரலில் போய், ஜூனிலும் போய்விட்டது. வகுப்பில் அதே பாடத்தில் அவனுக்கு 88. ஐந்து ஸ்டார் தேர்விலும் தேறாவிட்டால் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமா, அதாவது பட்டயம், கிடையாது என்கிறார்கள். மாசசூசெட்ஸில் மக்கள் ஓட்டுப் போட்டு இந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். டெக்சாஸ் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? இது நியாயமா என்று நீங்கள் எழுத வேண்டும். டிசம்பர் தேர்வுக்காகப் பன்னிரண்டு கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு தங்கை குடும்பமும் இங்கே வருகிறது. அவள் பெண் அப்போது பத்தாவது முடித்திருப்பாள். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமா என்று கேட்டீர்கள். வகுப்பில் ஆண்டு முழுக்க உழைத்து 88 வாங்கிய பையனின் பட்டயத்தை ஒரு நாள் தேர்வு நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் நீக்கியது பட்டயத்துக்கான நிபந்தனையை மட்டும்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே இன்னும் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். டெக்சாஸிலும் ஒரு காலத்தில் 15 தேர்வுகள் என்று இருந்ததை 2013 சட்டம் ஐந்தாகக் குறைத்தது. 2025இல் வந்த சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கான ஸ்டாரை எடுத்துவிட்டு, 2027-28 முதல் ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகளைக் கொண்டுவருகிறது. உங்கள் மகனுடைய இங்கிலீஷ் ஒன் அதில் போகவில்லை. சட்டம் மாறும் என்று காத்திருக்க அவனுக்கு நேரமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பன்னிரண்டு கட்டுரைகள். தயவுசெய்து இன்றே அதை நிறுத்துங்கள்.

நீங்கள் செய்வது நம் ஊர் வழக்கம். மரம் வளர்ப்பு, நூலகத்தின் பயன் என்று தலைப்பு வரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எழுதி, நடுவில் ஒரு பழமொழி வைத்தால் மதிப்பெண் வரும். இந்தத் தேர்வில் தலைப்பு வருவதில்லை. முதலில் ஒரு வாசிப்புப் பகுதி வரும், சில சமயம் இரண்டு. அதைப் படித்து, அதன்மேல் கேட்கும் கேள்விக்கு, அதிலிருந்தே சான்று காட்டி எழுத வேண்டும். வெளியிலிருந்து எடுத்து வந்த எதுவும் சான்றாகாது.

புள்ளி போடும் முறையைப் பாருங்கள். கருத்தும் அதன் வளர்ச்சியும் 0 முதல் 3 வரை. இலக்கணம், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி 0 முதல் 2 வரை. இந்த ஐந்தும் கணக்கில் சேரும்போது பத்தாகிறது. அந்தத் தேர்வில் வேறெந்த ஒரு கேள்விக்கும் இத்தனை புள்ளி இல்லை. முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது. கருத்துக்கு 0 விழுந்தால் இலக்கணத்துக்கும் 0. ஒரு பிழைகூட இல்லாத அழகான ஆங்கிலமாக இருந்தாலும், கேட்டதற்குப் பதிலாக இல்லையென்றால் பத்தும் போய்விடும். நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் வந்து விழும் குழி இது.

காலி மனையில் தோட்டம் போட்ட ஒரு தெருவைப் பற்றிய பகுதி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தோட்டம் அத்தெருவில் வசிப்பவர்களை எப்படி மாற்றியது என்பது கேள்வி. உங்கள் மகன் மனப்பாடம் செய்த மரக் கட்டுரையை எழுதுவான். ஆக்சிஜன், நிழல், மழை எல்லாம் வரும், அந்தத் தெருக்காரர்கள் வரமாட்டார்கள். எழுத வேண்டியது இப்படி: கேள்விக்கு நேர் பதில் ஒரு வாக்கியம், ‘முகம் தெரியாதவர்களாக இருந்தவர்களைத் தோட்டம் அண்டை வீட்டாராக்கியது’ என்பது போல. பிறகு அதைக் காட்டும் இரண்டு இடங்கள், எந்தப் பத்தி என்ற குறிப்போடு. ஒவ்வொன்றின் கீழும், அந்த வரி தன் பதிலை எப்படி உறுதி செய்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். மேற்கோளை வைத்தால் போதும், அது தானே பேசிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். நான்கைந்து வரியை அப்படியே பெயர்த்து வைப்பதும் உதவாது. அவனுடைய சொந்த வாக்கியங்கள்தான் கருத்து வளர்ச்சியாகக் கணக்கில் வரும்.

குறுவிடைக்கும் இதே நோய். இரண்டு புள்ளிக் கேள்வியில் விடைக்கு ஒன்று, சான்றுக்கு ஒன்று. விடையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் ஒன்று போகும்.

இன்னொன்று. இரண்டு முறை போய்விட்டது என்கிறீர்களே, அவன் எழுதிய கட்டுரையைத் திறந்து பார்த்தீர்களா? டெக்சாஸில் பெற்றோருக்கு அந்த வசதி உண்டு. பள்ளி தரும் அணுகல் எண்ணை வைத்து மாநிலத்தின் தேர்வுத் தளத்தில் நுழைந்தால் பிள்ளையின் விடையும் அதற்கு விழுந்த புள்ளியும் தெரியும். அதைப் பார்க்காமல் பன்னிரண்டு கட்டுரைகளைக் கொடுத்தீர்கள் என்றால், காய்ச்சல் எதனால் என்று தெரியாமலே மருந்து கொடுத்திருக்கிறீர்கள். அங்கே கருத்துக்கு 0 விழுந்திருக்கிறதா, முழுப் புள்ளிக்கு அருகில் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 0 என்றால் மேலே சொன்ன பயிற்சி. முழுப் புள்ளிக்கு அருகில் வாங்கியிருந்தால் கோளாறு கட்டுரையில் இல்லை, வாசிப்புக் கேள்விகளில் இருக்கிறது, அதற்கு வேறு பயிற்சி. கட்டுரையை ஆசிரியருக்குப் பதில் மெஷின் திருத்துகிறது என்ற பேச்சை விடுங்கள், அளவுகோல் அதேதான்.

பயிற்சியை நோட்டில் எழுதவிடாதீர்கள். தேர்வில் தட்டச்சுதான். பழைய கேள்வித்தாள்களும், எந்த விடைக்கு ஏன் எத்தனை புள்ளி என்று விளக்கும் மாதிரிகளும் மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒரு கட்டுரை, அந்த அளவுகோலை வைத்து அவனே தனக்குப் புள்ளி போடட்டும். தேர்வறையில் அகராதி உண்டு. இருமொழி அகராதியும் அனுமதிக்கப்படுகிறது, சொல்லுக்குச் சொல் மட்டும் தருவதாக இருக்க வேண்டும், விளக்கமோ எடுத்துக்காட்டோ இருக்கக்கூடாது. டிசம்பர் தேர்வுக்கு அவன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பள்ளியின் மாணவர் ஆலோசகரான கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள்.

கேட்கும்போது இதையும் கேளுங்கள்: ஆங்கிலம் கற்கும் மாணவனாக அவன் பதிவாகியிருக்கிறானா? அமெரிக்கப் பள்ளியில் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகாத, ஆங்கிலத் திறன் தேர்வில் உச்சநிலையை எட்டாத அப்படிப்பட்ட மாணவர் பாடத்தில் தேறித் தேர்வில் தவறினால், ஒவ்வொரு முறையும் திரும்ப எழுத வேண்டாம் என்றொரு சலுகை இருக்கிறது. நம்மவர்கள் பலர் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள், பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். அந்த ஒரு சொல்லோடு சலுகைக்கான வழியும் அடைபட்டுவிடுகிறது. நீங்கள் என்ன எழுதினீர்கள்?

அவன் இங்கிலீஷ் ஒன் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வகுப்பில் பாடத்தை முடித்ததற்குப் பள்ளி தரும் கிரெடிட் வேறு, மாநிலத் தேர்வு வேறு, கிரெடிட் அவனுக்கு வந்துவிட்டது. டிசம்பரிலும் போனால் ஏப்ரல் இருக்கிறது, ஜூன் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எல்லாம் கைவிட்டாலும் 2015 சட்டம் தந்த பட்டயக் குழு உண்டு. ஐந்தில் இரண்டுக்கு மேல் தவறாத மாணவருக்காகப் பதினொன்றாவது முடியும்போது பள்ளி அமைப்பது அது. தலைமையாசிரியர், பாட ஆசிரியர், துறைத் தலைவர், பெற்றோர் என்று உட்காருவார்கள். கூடுதல் பயிற்சியும், ஒரு திட்டப்பணியோ படைப்புத் தொகுப்போ முடித்த பிறகு, எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்தால் பட்டயம் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவனிடம் இதை இன்றிரவே சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் படிப்பே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகக்கூடாது.

தங்கை மகளைப் பற்றி. டெக்சாஸ் பள்ளியில் சேருமுன் படித்து முடித்த பாடத்துக்கு இங்குள்ள பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டம் கிரெடிட் கொடுத்துவிட்டால், அந்தப் பாடத்தின் தேர்வை அவள் எழுத வேண்டியதில்லை. எல்லாரும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சான்றிதழை மட்டும் எடுத்து வருகிறார்கள். இங்கிலீஷ் ஒன், அல்ஜீப்ரா இரண்டுக்கும் ஒன்பதாவது மதிப்பெண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், அதைப் பள்ளிதான் தர வேண்டும். தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் வைத்த ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இரண்டு பிரதி, பாடத்திட்டத்தின் நகல் ஒன்று, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.