செத்தது யார் என்ற கேள்வி

அன்புள்ள சார்,

1990களின் அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் படைப்புகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘ஆர்மிடேஜ் தி தேர்ட்’ தொடரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். குற்றப் புனைவு என்றால் எனக்கு உயிர். செவ்வாய் கிரகம், தொடர் கொலை, ரோபோக்களைக் கண்டாலே ஆகாத ஒரு டிடெக்டிவ், அவனுக்குக் கூட்டாளியாக ஒரு பெண் போலீஸ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கொலைகாரன் யார் என்பதை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுகிறார்கள். கூட்டாளி ஒரு ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவில் உள்ள ரோபோ என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் துப்பறிய என்ன இருக்கிறது? வெறுத்தவன் காதலிக்கிறான், அவ்வளவுதானே? அந்தப் பெண் போலீஸ் உடுத்தியிருப்பதைப் பார்த்து என் மனைவி கேட்ட கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

மனிதனும் இயந்திரமும் ஜோடி போட்டுத் துப்பறியும் கதைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவருக்கு உணர்ச்சி, இன்னொருவருக்குக் கணக்கு என்ற சூத்திரத்தைத் தாண்டி இவற்றில் ஏதாவது இருக்கிறதா?

க., திருச்சி

அன்புள்ள க.,

‘யார் கொன்றது’ என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் இந்தத் தொடர் ஏமாற்றத்தான் செய்யும். கொலைகாரன் டான்க்ளோடை அது ஒளித்துவைக்கவே இல்லை. அதில் துப்பு துலக்க வேண்டியது செத்தவர்களைப் பற்றி. செத்தது யார்? அவர்கள் செத்தால் அதற்குக் கொலை என்று பெயரா? அவர்கள் சாகவேண்டும் என்று யாருக்கு அவசரம்? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு முதல் காட்சிக்குத் திரும்பிப் போங்கள்.

கதை நடப்பது 2046ஆம் ஆண்டு, செவ்வாயில் செயின்ட் லோவெல் என்ற நகரம். செவ்வாயில் கால்வாய்கள் ஓடுவதாக நம்பித் தொலைநோக்கியோடு வாழ்ந்த பெர்சிவல் லோவெலின் பெயரை நினைவூட்டும் ஊர். சிகாகோவிலிருந்து மாற்றலாகி வருகிறான் ராஸ் சிலிபஸ். அவனுடைய பழைய கூட்டாளியை ஒரு ரோபோ கொன்றிருக்கிறது, அவன் உடம்பிலும் செயற்கை உறுப்பு பொருத்தியிருக்கிறார்கள். அவன் வந்து இறங்கும் விண்கலத் துறைமுகத்திலேயே துப்பாக்கிச் சண்டை. டான்க்ளோட் கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு பெண்ணின் பிணம். அவள் கெல்லி மெக்கானன், கிராமியப் பாட்டுப் பாடும் கடைசிப் பாடகி என்று புகழ்பெற்றவள். பிறகு சோதித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இயந்திரம்.

அந்தக் கண்டுபிடிப்பு வழக்கை என்ன செய்கிறது என்று கவனித்தீர்களா? நம் ஊர்ப் பழைய தண்டனைச் சட்டத்தின் எண்களில் சொன்னால், 302ஆகத் தொடங்கியது பெட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்ததும் 427ஆகிவிடுகிறது. கொலை போய்ச் சொத்துச் சேதம் வந்துவிட்டது. ஆனால் அவள் பாட்டைக் கேட்டவர்கள் நேற்றுவரை கேட்டது பாட்டைத்தான். உடம்பைத் திறந்து பார்த்ததால் அந்தப் பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. இந்த இடத்தைத் தொடர் பேசி விளக்குவதே இல்லை. விசாரணையை அப்படியே நடத்திக்கொண்டு போகிறது. எனக்கு அந்தத் தொடரில் மிகப் பிடித்தது இந்த அழுத்தம்தான்.

அடுத்தடுத்துச் சாகிறவர்களும் அவளைப் போன்றவர்களே. நாவலாசிரியை லாவினியா வேட்லி ஒருத்தி. மனிதர்கள் என்று ஊரே நம்பிய மூன்றாம் தலைமுறை ரோபோக்கள் இவர்கள். தொடரின் பெயரில் இருக்கும் ‘தேர்ட்’ இவர்களைக் குறிக்கிறது. செயின்ட் லோவெலின் தெருக்களில் ரோபோக்களுக்கு எதிராக ஊர்வலம் நடக்கிறது, வேலையைப் பறித்துக்கொண்டன என்று. அந்தக் கூட்டத்துக்குக் கண்ணில் படுவது தொழிற்சாலையில் உழைக்கும் பழைய தலைமுறைகள்தான். புதிய தலைமுறையோ பாடுகிறது, நாவல் எழுதுகிறது. ஒருத்தி, ராஸின் கூட்டாளி ஆர்மிடேஜ், போலீஸ் வேலை பார்க்கிறாள்.

ஏன் கொல்கிறார்கள் என்பதை நீங்கள் காதல் கதையின் பின்னணியாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாம் தலைமுறை ரோபோக்களால் குழந்தை பெறமுடியும். ஆளில்லாத செவ்வாயில் மக்கள்தொகையைப் பெருக்கவே அவர்களைச் செய்தார்கள். பிறகு பூமியோடு உறவு வேண்டியிருக்கிறது, இப்படி ஒரு திட்டம் இருந்ததே வெளியில் தெரியக்கூடாது என்றாகிறது. ஆக, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு தடயம். சாதாரணக் குற்றக் கதையில் கொலை நடக்கும், தடயம் மிஞ்சும். இங்கே தடயத்தை அழிப்பதே கொலை. நான்காம் பாகத்தில் ராஸும் ஆர்மிடேஜும் ராணுவத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருப்பது அதனால்தான். போலீஸ் எந்த அரசிடம் சம்பளம் வாங்குகிறதோ அந்த அரசுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டிய தரப்பு. துப்பறிய இடமில்லை என்று நீங்கள் எழுதியதை இதற்காகவே மறுக்கிறேன்.

உங்கள் மனைவி கேட்டது நியாயம். அது ரோந்துக்குப் போகிற போலீஸ்காரி உடுத்தும் உடையே இல்லை. 1995இல் நான்கு பாகங்களாக நேரடியாக வீடியோ சந்தைக்கு வந்த தொடர் இது. தொலைக்காட்சி நிலையத்தின் கெடுபிடி கிடையாது. அட்டைப் படத்தைப் பார்த்துக் காசு கொடுப்பவர்களில் பெரும்பகுதி இளைஞர்கள். அந்தச் சந்தைக்காக வரைந்த உடை அது, கதைக்காக வரைந்தது என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. பூமியில் பெண்ணியவாதிகள் ஆட்சி நடக்கிறது, அவர்களுக்குப் பிள்ளை பெறும் ரோபோக்கள் ஆகாது, செவ்வாய் அரசு இந்த வேலையில் இறங்குவது அவர்களைத் தாஜா செய்யத்தான் என்று கதை போகிறது. இத்தனை பெண்களின் சாவுக்குக் கடைசிப் பொறுப்பைப் பெண்கள் தலையிலேயே கட்டுகிற இந்த இடம் கோழைத்தனமான எழுத்து. பிள்ளை பெறுவதற்கென்றே ஒரு பெண்ணைத் தயாரித்தவர்களைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வியைத் தொடர் பாதியில் கைவிட்டுவிடுகிறது. ஆர்மிடேஜ் மட்டும் அதை விடுவதில்லை. தன்னை எதற்காகச் செய்தார்கள் என்ற கோபத்தோடுதான் கடைசிவரை அலைகிறாள்.

இப்போது ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். உணர்ச்சி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்ற சூத்திரம் ஆர்மிடேஜுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த ஜோடியில் நிதானம் ராஸுடையது. கத்துவதும் சுடுவதும் முன்பின் பார்க்காமல் பாய்வதும் அவள். ஆனால் இந்த வகைக் கதைகள் வளர்ந்த வழியைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1954இல் நூலாக வந்த ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ இந்த ஜோடிக்கு இலக்கணம் வகுத்த நாவல். நியூயார்க் போலீஸ்காரர் எலைஜா பெய்லி, அவருக்குக் கூட்டாளி ஆர். டேனியல் ஆலிவா. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஆர்’ ரோபோ என்பதற்கான அடையாளம். கொலையுண்டவர் டாக்டர் சார்ட்டன் என்ற ரோபோ விஞ்ஞானி. டேனியலுக்கு அவருடைய முகத்தையே வைத்திருக்கிறார்கள். செத்தவரின் முகத்தோடு துப்பறிபவர் வந்து நிற்கிறார்.

அதே நாவலில் ஆர். சாமி என்றொரு எடுபிடி ரோபோவும் உண்டு. ஒரு பையனின் வேலையைப் பறித்துக்கொண்டு போலீஸ் அலுவலகத்தில் திரிவது. நடுவில் அதை அழித்துவிடுகிறார்கள், பழியைப் பெய்லிமேல் போடுவதற்காக. அந்த அழிவுக்காக நாவலில் யாரும் வருந்துவதில்லை. சார்ட்டனின் சாவு வழக்கு, சாமியின் அழிவு அந்த வழக்கில் ஒரு திருப்பம் மட்டுமே. எனக்குத் தெரிந்து இந்த வகைக் கதைகள் அதன்பிறகு எடுத்துவைத்த பெரிய அடி, சாமியை வழக்காக எடுத்துக்கொண்டதுதான். 1954இல் மனிதனின் சாவை விசாரிக்க இயந்திரம் வந்தது. 1995இல் இயந்திரத்தின் சாவை விசாரிக்க, அதை வெறுக்கும் மனிதன் வருகிறான்.

ராஸின் வெறுப்பு கதைக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான். ரோபோக்களை முதலிலிருந்தே நேசிக்கும் ஒருவன் கெல்லிக்காகக் கண்ணீர் விடலாம், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ‘இது வெறும் இயந்திரம்’ என்று சொல்லிக் கோப்பை மூடிவைக்க எல்லாக் காரணமும் உள்ள ஒருவன் மூடாமல் இருக்கவேண்டும். அவன் மூடாமல் இருப்பதற்கு, பக்கத்தில் அடுத்த பிணமாகப் போகிறவள் உட்கார்ந்திருக்கவேண்டும். காதல் அதற்குப் பிறகு வருவது. வராமலிருந்தாலும் எனக்குக் குறையில்லை.

1995ஆம் ஆண்டே நவம்பரில் மமோரு ஓஷியின் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ திரைக்கு வந்தது. அதன் நாயகியான போலீஸ் அதிகாரி குசனாகி ஆண்ட்ராய்டு இல்லை, மூளை மட்டும் மனித மூளையாக எஞ்சிய சைபார்க். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அங்கே நேரடியான பதில் ஒன்று கிடைக்கிறது. அவளோடு காரில் வரும் டோகுசா குடும்பஸ்தன், உடம்பில் அநேகமாக எதையும் மாற்றிக்கொள்ளாதவன், பழைய சுழல்துப்பாக்கியை விடமாட்டேன் என்பவன். என்னை ஏன் இந்தப் பிரிவில் சேர்த்தீர்கள் என்று கேட்கிறான். எல்லோரும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டும் அமைப்பு அந்தக் காரணத்தாலேயே பலவீனமானது என்ற பொருளில் பதில் சொல்கிறாள். அங்கே இயந்திரப் பக்கத்துக்கு மனிதன் தேவைப்படுகிறான், அதுவும் மென்மைக்காக அல்ல, வேறு மாதிரி தவறு செய்யக்கூடியவன் என்பதற்காக.

ஆர்மிடேஜின் திரைக்கதை சியாகி கொனாகா எழுதியது, இயக்கம் ஹிரோயுகி ஓச்சி. கொனாகா அமெரிக்கத் திகில் கதைகளில் ஊறியவர். ஆர்மிடேஜ், லாவினியா வேட்லி என்ற பெயர்கள் எச்.பி. லவ்கிராஃப்டின் ஒரே கதையிலிருந்து வந்தவை. 1999இல் ‘தி பிக் ஓ’ தொடரை எழுதியபோது ராணுவப் போலீஸிலிருந்து விலகிய ராஜர் ஸ்மித் என்ற சமரசப் பேச்சாளனுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு ஆண்ட்ராய்டை நிறுத்தினார். அவள் பெயர் ஆர். டோரதி. அந்த ‘ஆர்’ எங்கிருந்து வருகிறது என்று இனி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘புளூட்டோ’. ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ கதைகளில் ஒன்றை எடுத்து நவோகி உராசாவா 2003 முதல் 2009 வரை மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக வரைந்தது. 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் 8 பாகங்களாக வந்திருக்கிறது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலின் டிடெக்டிவ் கெசிக்ட் தானே ஒரு ரோபோ. மனிதனும் இயந்திரமுமான ஜோடி இங்கே ஒரே உடம்புக்குள் வந்துவிட்டது எனலாம். பணியில் உயிரிழந்த ராபி என்ற ரோந்து ரோபோவின் வீட்டுக்கு, செய்தி சொல்ல கெசிக்ட் போகிறார். கதவைத் திறக்கும் மனைவி பழைய மாதிரி ரோபோ. அசையாத உலோக முகம், அதில் எந்த உணர்ச்சியும் தெரிய வழியில்லை. வேண்டுமானால் கணவரைப் பற்றிய நினைவை அழித்துவிடலாம் என்கிறார். வேண்டாம் என்கிறாள் அவள். ராபியின் நினைவுச் சில்லை அவளுக்குப் பொருத்துகிறார். கணவன் கடைசியாகக் கண்டதை அவள் அங்கேயே அமர்ந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டு அதில் கண்ட ஒன்றை அவருக்குக் காட்டுகிறாள். அந்த வழக்குக்கு வேண்டிய துப்பு அது.

துக்கம் விசாரிப்பதும் சாட்சி விசாரிப்பதும் ஒரே காரியமாக நடக்கிற இப்படி ஒரு காட்சியை மனிதர்கள் மட்டும் வரும் எந்த போலீஸ் கதையிலும் நான் பார்த்ததில்லை. அழக்கூட முடியாத முகம் என்பதால் அந்தக் காட்சியில் நடிப்பு என்று ஒன்று இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன சொல் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு உண்மையிலேயே உள்ளே ஏதாவது வலித்ததா என்று கெசிக்ட் சோதனை நடத்தவில்லை. வழக்கமாக ஒரு விதவையின் வீட்டில் போலீஸ்காரர் எப்படி நடந்துகொள்ளவேண்டுமோ அப்படி நடந்துகொள்கிறார்.

உங்கள் சூத்திரக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ‘இயந்திரத்துக்கு உணர்ச்சி உண்டா’ என்று முடிவுகட்டிவிட்டு அப்புறம் மரியாதை கொடுக்கலாம் என்று தத்துவக் கதை காத்திருக்கலாம். போலீஸ்காரருக்கு அந்த அவகாசம் இல்லை. பிணம் கிடக்கிறது, இன்றைக்கே புகாரைப் பதிந்தாகவேண்டும், பெயர் எழுதும் இடத்தில் ஏதாவது எழுதியாகவேண்டும். அதனாலேயே இந்தக் கேள்வியைத் துப்பறியும் கதைகள் எடுத்துக்கொள்ளும்போது அது கூர்மையாகிறது.

ஒரு விஷயம். நீங்கள் பார்த்தது நான்கு பாகங்களா, அல்லது 1996இல் அவற்றைச் சுருக்கி வெளியிட்ட ‘பாலி-மேட்ரிக்ஸ்’ திரைப்படமா என்று கடிதத்தில் இல்லை. கீஃபர் சதர்லாந்தும் எலிசபெத் பெர்க்லியும் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தது என்றால் அது திரைப்படம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம், வெட்டிச் சேர்த்ததில் காதல் தூக்கலாகி விசாரணை மெலிந்துபோயிருக்கிறது. ஜப்பானிய மொழியில் நான்கு பாகங்களையும் வரிசையாகப் பாருங்கள். ‘புளூட்டோ’வை உங்கள் மனைவியோடு சேர்ந்து பார்க்கலாம், உடையைப் பற்றிய கேள்வி அங்கே எழாது. முதல் பாகம் நீளமானது, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்காருவது நல்லது. பார்த்தபின் ராபியின் மனைவியைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்