விக்டீஸைப் பெயர் சொல்லி அழைக்கலாமா?

கேள்வி: சென்ற இதழில் ஐஸ்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவரைக் கட்டுரை முழுவதும் வெறும் ‘விக்டீஸ்’ என்றே எழுதியிருந்தீர்கள். குடும்பப் பெயரான ‘ஃபின்போகடோட்டிர்’ என்று மரியாதையாகக் குறிப்பிட்டிருக்க வேண்டாமா? நமக்குத்தான் குடும்பப் பெயர் இல்லை என்ற குறை. இருப்பவர்களுக்கும் அதை மறுப்பானேன்? திருத்தம் வெளியிடுவீர்களா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வெளியிட மாட்டோம். நீங்கள் மரியாதை என்று கருதுவதைச் செய்திருந்தால்தான் திருத்தம் வெளியிட வேண்டியிருந்திருக்கும்.

‘ஃபின்போகடோட்டிர்’ குடும்பப் பெயர் அன்று. ‘ஃபின்போகியின் மகள்’ என்பது அதன் பொருள். தந்தை பெயரை வேற்றுமை உருபேற்க வைத்து, ஆணாயின் ‘சோன்’ என்றும் பெண்ணாயின் ‘டோட்டிர்’ என்றும் சேர்த்துக்கொள்வது அந்நாட்டு வழக்கம். தாயின் பெயரைச் சேர்ப்போரும் உண்டு. யோன் என்பவரின் மகன் யோன்சோன், மகள் யோன்ஸ்டோட்டிர். யோனோ தம் தந்தை ஐனாரின் பெயரால் ஐனார்சோன். மனைவி திருமணத்துக்குப் பின்னும் தம் தந்தையின் மகளாகவே நீடிப்பார். ஒரே கூரையின் கீழ் வாழும் நால்வருக்கு நான்கு பின்பெயர்கள் இருப்பது அங்கே யாருக்கும் விந்தையாகத் தோன்றுவதில்லை. ஆகவே அவரை ‘ஃபின்போகடோட்டிர்’ என்று மட்டும் அழைப்பது, கந்தசாமியின் மகள் மலர்விழியைப் பார்த்து ‘கந்தசாமி மகளே, வருக’ என்று மேடைக்கு அழைப்பதற்கு நிகரானது. 1980இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவராகி, 1996 வரை பதினாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவரை அந்நாட்டு மக்கள் விக்டீஸ் என்றுதான் அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். பிரதமரானாலும் பள்ளி ஆசிரியரானாலும் அங்கே இட்ட பெயரே அழைக்கும் பெயர். தொலைபேசிக் கையேட்டையே இட்ட பெயரின் அகரவரிசையில்தான் அச்சிட்டார்கள். ஒரே பெயரினர் பலர் இருந்ததால் பக்கத்தில் தொழிலையும் குறித்தார்கள்.

இது ஏதோ காலத்தால் பின்தங்கிய தீவின் பழக்கம் என்றும் எண்ணிவிட வேண்டாம். தந்தை பெயர் வழக்கம் ஒரு காலத்தில் ஸ்காண்டிநேவியா முழுவதிலும் இருந்ததுதான். நார்வே 1923இல் சட்டமியற்றிக் குடும்பத்துக்கு ஒரு நிலையான பெயர் வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 1925இல், ஐஸ்லாந்து அதற்கு நேர்மாறாகப் புதிய குடும்பப் பெயர்களைச் சூடிக்கொள்வதையே தடை செய்தது. முன்பே இருந்தவை மட்டும் தப்பின. 2006 முதல் 2009 வரை பிரதமராக இருந்த கேய்ர் ஹார்டேயின் பின்பெயர் அவருடைய நார்வேத் தந்தை வழி வந்த உண்மையான குடும்பப் பெயர். ஆனாலும் ஊராருக்கு அவர் கேய்ர்தான். இந்தப் பற்றில் பிடிவாதமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை: குழந்தைக்கு இதுவரை வழக்கில் இல்லாத பெயரைச் சூட்ட விரும்பினால், அது ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா, இலக்கணத்தோடு பொருந்துமா என்று பார்த்து அனுமதி தர அங்கே ஓர் அரசுக் குழுவே இருக்கிறது. மகனா மகளா என்று சொல்ல விரும்பாதவர்கள் ‘பூர்’ என்ற ஈற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2019இல் சட்டம் நெகிழ்ந்தது.

இனி, நம்முடைய ‘குறை’. தலைப்பெழுத்தில் தந்தையை நிறுத்தி, தம் பெயரை முழுதாக எழுதும் தமிழர் வழக்கம் ஐஸ்லாந்து வழக்கத்துக்கு மிக நெருங்கிய உறவு. நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதியதால், விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லை ‘சந்திரசேகர் வரம்பு’ ஆயிற்று. வரிசை மாறியிருந்தால் அந்தப் புகழ் தந்தையின் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும். அடியேனுக்கு அந்த நல்லூழ் இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை எழுதியதன் பயனாக, ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில், காலமாகி இருபது ஆண்டுகளான என் தந்தையை ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தார்கள். நானும் யாரையோ அழைக்கிறார்கள் என்று அமர்ந்திருந்தேன்.

குடும்பப் பெயர் வேண்டும் என்று தேடப் புறப்பட்டால் நம்மில் பலருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது சாதிப் பெயர்தான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. மேடையிலேயே அதைத் துறந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் முயன்று காலி செய்த இடத்தை நீங்கள் குறை என்கிறீர்கள்.

தாங்கள் குறிப்பிடாத ஒரு பிழை மட்டும் எங்களிடம் உண்டு. ஆண்டு மலரின் பெயரடைவில் அந்த அம்மையாரை ‘ஃ’ வரிசையில் சேர்த்திருந்தோம். மறுபதிப்பில் ‘வி’ வரிசைக்கு மாற்றுகிறோம்.