பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்ட மருந்து

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு வயது 9, எடை 42 கிலோ. காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று சொன்ன மருத்துவர் கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் இன்னும் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கும் இதே தொந்தரவுதான். குளுக்கோசமைன் என்ற மூட்டுச் சத்து மாத்திரையும் ஹோமியோபதி சொட்டு மருந்தும் கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் ஓடுகிறது என்கிறார்கள். நாங்களும் அதையே கொடுக்கலாமா? அவன் சாப்பாடு: இரண்டு வேளை சோறும் கோழியும், இடையில் மேரி பிஸ்கட் ஏழெட்டு.
– ஒரு வாசகி, கோவை

பதில்: கொடுத்தால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அதை நம்பி வலி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். நாய் வாய்விட்டுச் சொல்லாதே தவிர, எழுந்திருக்கச் சிரமப்படும் நாய்க்கு வலி இருக்கிறது.

முதலில் பக்கத்து வீட்டு நாயைப் பார்ப்போம். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டுத் தேய்மானம் நாளுக்கு நாள் ஒரே சீராக இருக்கிற நோய் இல்லை. சில வாரம் படுத்தும், சில வாரம் விட்டுக்கொடுக்கும். மழைக்காலத்திலும், முதல் நாள் அதிகமாக ஓடிவிட்டாலும் கூடும். நாய் மிகவும் மோசமாக இருக்கிற அன்றுதான் யாரும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதற்குப் பிறகு வருகிற நாட்கள் பெரும்பாலும் அதைவிட நல்ல நாட்களாகத்தான் இருக்கும், என்ன கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும்.

இன்னொன்று, நம் கண். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் அமெரிக்காவில் வெளியானது. மாத்திரையில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பது உரிமையாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கால் ஊன்றும்போதும் தரையில் எவ்வளவு விசை விழுகிறது என்று தகடு ஒன்று அளந்தது. தகடு முன்னேற்றம் எதையும் காட்டாதபோதும் ‘இப்போது தேவலை’ என்று உரிமையாளர்கள் சொன்னது சுமார் 57 சதவீதம். மருத்துவர்களும் 40 முதல் 45 சதவீதம் வரை அப்படியே ஏமாந்தார்கள். எங்கள் கூட்டம் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ‘என் அனுபவத்தில் இது நன்றாகக் கேட்கிறது’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், என்னையும் சேர்த்துத்தான், ‘எதை வைத்து அளந்தீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

குளுக்கோசமைனை அப்படி அளந்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகம் 71 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. கார்ப்ரோஃபென் அல்லது மெலாக்சிகம் என்ற இன்னொரு வலி மருந்து வாங்கிய நாய்கள் காலை முன்னைவிட அழுத்தி ஊன்றியதை விசைத்தகடு காட்டியது. குளுக்கோசமைனோடு காண்ட்ராய்டின் என்ற இன்னொரு மூட்டுச் சத்தும் சேர்ந்த கலவை வாங்கிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் அயர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வில் இதே வகை மாத்திரை பத்து வாரத்தில் பலன் தந்தது. ஆனால் அங்கே அளவுகோல் மருத்துவர்கள் பார்த்துப் போட்ட மதிப்பெண். மருந்தில்லா மாத்திரை வாங்கிய குழு ஒன்றை ஒப்பிடுவதற்கு வைக்கவும் இல்லை. மேலே சொன்ன 57 சதவீதம் புகுந்துகொள்வதற்கான வாசல் அதுதான். பிறகு, 2022இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக எடைபோட்ட ஒரு தொகுப்பு, மூட்டு வலிக்கு இவற்றை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே முடித்தது.

ஹோமியோபதியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2017இல் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

கார்ப்ரோஃபென் பற்றிய உங்கள் பயம் வீண் பயம் இல்லை, அளவுதான் மீறியிருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தொடக்கூடும். அதனால்தான் தொடங்குமுன் ஒரு முறையும் தொடங்கிய சில வாரத்தில் ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கறுப்பாக மலம், சாப்பிட மறுப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு மருந்து ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது. வீட்டில் நமக்காக வைத்திருக்கிற ஐபுபுரூஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். கார்ப்ரோஃபெனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கூசாமல் அதைக் கொடுத்துவிட்டு, வயிற்றில் புண்ணோடு நாயைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம், அவனுடைய அதிக எடை. 42 கிலோ.

லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் பிழை இருக்கிறது; கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தது. ஆகவே தட்டைக் காலி செய்துவிட்டு அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பது சாப்பாடு போதாததால்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் கால் பங்கு உணவைக் குறைத்துக் கொடுத்தார்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட மூட்டுக்கும் இது பொருந்தும். ஸ்காட்லாந்தில் 14 குண்டு நாய்களின் எடையைக் குறைத்துப் பார்த்தபோது, உடல் எடையில் 6 சதவீதம் இறங்கியதுமே நொண்டல் குறைந்தது தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் மற்ற ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. உங்கள் பையனுக்கு 6 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோ.

பிஸ்கட்டிலிருந்து தொடங்கலாம். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 20 முதல் 25 கலோரி. எட்டு பிஸ்கட் ஏறக்குறைய 200. எடை குறைக்க வேண்டிய இந்த அளவு நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் 900, 1000 கலோரிதான் கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு பிஸ்கட்டிலேயே போய்விடுகிறது! பதிலுக்கு வெள்ளரியோ கேரட்டோ வேகவைத்த பீன்ஸோ கொடுங்கள். சோற்றையும் கோழியையும் கைக்கணக்கில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிஸ்கட் போடுகிறவர் தாத்தா என்றால் அந்தத் தாளை அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் எடை இறங்கினால் போதும்.

கூடுதலாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் ஒமேகா-3 மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அது சேர்ந்த உணவைச் சாப்பிட்ட நாய்களுக்குக் கார்ப்ரோஃபென் அளவைக் குறைக்க முடிந்ததாக ஓர் ஆய்வு உண்டு. அளவு கேட்டுக் கொடுங்கள், எண்ணெயும் கலோரிதான். டைல்ஸ் தரையில் அவன் எழுந்து நடக்கிற பாதையில் ரப்பர் பாய் விரியுங்கள். வெயிலுக்கு முன் சிறு நடைகளாக நடத்துங்கள். நொண்டலோடு காய்ச்சலும் சோர்வும் வந்தால் அது தேய்மானமாக இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஒரு காலை மட்டும் திடீரென்று தூக்கிவிட்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் பலன் தருகிறதா என்று பார்க்க விசைத்தகடு தேவையில்லை. வாரம் ஒரு முறை, அதே இடம், அதே நேரம்: அவன் படுக்கையிலிருந்து எழுந்து பத்தடி நடப்பதைக் கைபேசியில் படம்பிடியுங்கள். இரண்டு மாதம் ஆனதும், தேதி தெரியாதபடி வரிசையைக் கலைத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி, எதில் நன்றாக நடக்கிறான் என்று கேளுங்கள். குளுக்கோசமைனை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம். மற்றவை எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபிறகு அதை மட்டும் தனியாகத் தொடங்குங்கள். எந்த வாரத்தில் தொடங்கினீர்கள் என்பதை மட்டும் அந்த உறவினரிடம் சொல்லாதீர்கள்.