பாஸ்கல் லைப்ரரியை சி நிரலிலிருந்து அழைத்தால் குப்பை எண் வருவது ஏன்?

கேள்வி இதுதான்: ஓ/எல் (சாதாரண தர) ஐசிடி பாடத்துக்குப் படித்த பாஸ்கலை வைத்து, ஃப்ரீ பாஸ்கல் என்ற கம்பைலரில் இரண்டு எண்களைக் கூட்டும் லைப்ரரி ஒன்றை ஒருவர் எழுதியிருக்கிறார்; லினக்ஸில் சி நிரல் அதை அழைத்தால் விடை தப்பாக வருகிறது.

முதலில் இன்டிஜர் என்ற முழு எண் வகையைப் பாருங்கள். ஃப்ரீ பாஸ்கலின் இயல்பு மோடில் அது 16 பிட். சி-யின் இன்ட் 32 பிட். 32,767-ஐத் தாண்டினாலே கதை கந்தல். சி-யின் வகைகளுக்கு ஈடான பெயர்களைத் தரும் சிடைப்ஸ் (ctypes) யூனிட்டைச் சேர்த்து, எண்களை சிஇன்ட் (cint) என்றே அறிவியுங்கள்.

அடுத்து, ஃபங்க்‌ஷன் தலைப்பின் முடிவில் சிடெக்ல் (cdecl) போடுங்கள்: மதிப்புகளை சி-யின் முறையில் வாங்கச் சொல்லும் சொல் அது. 32 பிட் இன்டெல்லில் அது இல்லாவிட்டால் பாஸ்கல் முதல் மூன்று மதிப்புகளை ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) தேடும். சி-யோ அவற்றை ஸ்டாக்கில் (நினைவகத்தின் ஒரு பகுதி) வைத்திருக்கும். 64 பிட் லினக்ஸில் இந்தப் பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது, அதுதான் ஆபத்து.

லைப்ரரி வெளியே தரும் ஃபங்க்‌ஷன்களைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில் பெயரை மேற்கோளுக்குள் எழுதுங்கள்: சி-க்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. சரம் (எழுத்துத் தொடர்) அனுப்பப் பிசார் (PChar) வகை மட்டும். பாஸ்கலின் ஷார்ட்ஸ்ட்ரிங் என்ற சர வகையில் முதல் பைட் நீளம், கடைசியில் சி எதிர்பார்க்கும் பூச்சியம் இருக்காது.

தொகுத்தது சரி, ஓடும்போது ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்றால் எல்டி லைப்ரரி பாத் (LD_LIBRARY_PATH) என்ற சூழல் மாறியில் லைப்ரரி இருக்கும் கோப்புறையைச் சேர்த்துவிடுங்கள்.